மும்பையின் இரு ரயில் படுகொலைகளும் துப்பாக்கி உரிம விவாதமும்: சட்டம் சொல்வது என்ன?

மும்பை, கிங்ஸ் சர்க்கிள்: துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கோரிக்கைகள் எழுகின்றன. நேர்மையான குடிமக்கள் தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கி உரிமம் எளிதில் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. வழங்கப்பட்ட உரிமங்களையும் குறைத்துக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடைபெறும் வாதத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் மும்பை ரயில் பயணிகள் நினைவில் வைத்திருக்கும் இரு படுகொலைகளிலும், கொல்லப் பயன்பட்ட துப்பாக்கிகள் உரிம அலுவலகத்தின் வாசலைக்கூடக் கண்டதில்லை. 2008ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் வெடித்தவை கடல்வழியே கடத்தி வரப்பட்டவை. 2023ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் – மும்பை ரயிலில் வெடித்தது அரசே வழங்கியது.

உரிமம் பெறும் வழி

கிங்ஸ் சர்க்கிளில் வசிக்கும் ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? மும்பை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது. பிற மாவட்டங்களில் அது மாவட்ட ஆட்சியரிடம் இருக்கும். விண்ணப்பதாரரின் நடத்தை, வழக்குப் பின்னணி, அவர் கூறும் காரணம் ஆகியவற்றை உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உடல்நலமும் மனநலமும் குறித்த மருத்துவச் சான்றிதழையும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றையும் கேட்கின்றன. தேசிய உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் உண்டு.

இவ்வளவும் முடிந்த பின்னரும் சாதாரண விண்ணப்பதாரருக்குக் கிடைப்பது 'தடை செய்யப்படாத' வகை ஆயுதம் மட்டுமே. விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். தேர்தல் காலங்களில், விலக்கு பெற்றவர்களைத் தவிர மற்ற உரிமதாரர்கள் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்கப்படுகின்றனர்.

ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 1983ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று என்று வரம்பு விதித்தது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. மசோதாவில் முதலில் முன்மொழியப்பட்ட எண்ணிக்கை ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரின் எதிர்ப்புக்குப் பின் அது இரண்டானது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டிக்கப்பட்டது. திருமணங்களிலும் கொண்டாட்டங்களிலும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவும் அப்போதுதான் வந்தது.

உரிமையா, சலுகையா?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது; ஆயுதம் தரிக்கும் உரிமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு அல்ல. 1931ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தன் தீர்மானத்தில் சேர்த்திருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து இந்தியரை மட்டும் உரிமத்துக்குக் காத்திருக்க வைத்த அவமானம் அந்தத் தலைமுறையின் நினைவில் ஆழப் பதிந்திருந்தது. துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் காந்தியின் கண்டனம் அச்சட்டத்தைப் பற்றியதுதான். முதல் உலகப் போருக்கு ஆள் திரட்டுவதற்காக அவர் எழுதிய துண்டறிக்கையில் அது இடம்பெற்றது என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1948 டிசம்பரில் எச்.வி. காமத் இந்த உரிமையை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. குற்றச்செயலையே வழக்கமாகக் கொண்டவர்களுக்கும் இந்த உரிமையை வழங்க முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. திருத்தம் தோற்றது. 2023 பிப்ரவரியில், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைக் குறித்துத் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கிய உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கு ஆயுதம் தரிக்க அடிப்படை உரிமை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது.

2008: லத்தியும் பழைய ரைபிளும்

2008 நவம்பர் 26 இரவு, ஹார்பர் வழித்தடத்தில் கிங்ஸ் சர்க்கிளுக்கு ரயில் புறப்படும் அதே சத்ரபதி சிவாஜி முனையத்தில், தொலைதூர ரயில்களுக்குக் காத்திருந்தவர்கள் மீது இருவர் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளால் சுட்டனர். அங்கு மட்டும் உயிரிழந்தோர் 50க்கும் மேற்பட்டோர். நகரெங்கும் 10 பேர் நடத்திய அத்தாக்குதலில் 166 பேர் பலியாயினர். முனையத்தில் பணியில் இருந்த காவலர்களிடம் இருந்தவை பெரும்பாலும் லத்தியும் பழைய 303 ரக ரைபிள்களும். அந்த இரவில் தாக்குதலாளிகளைப் படம்பிடித்த பத்திரிகைப் புகைப்படக்காரர், கையில் கேமராவுக்குப் பதில் துப்பாக்கி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதாகப் பின்னர் கூறினார். துப்பாக்கி உரிமை கோருவோரின் வாதங்களில் அந்தக் கூற்று நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கிர்காவ் கடற்கரைச் சாலையில் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்பளே, துப்பாக்கி ஏதுமின்றி அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிர்விட்டார். அவரது வீரத்தை இரு தரப்பினரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாக்குகின்றனர். ஆயுதமற்றவனின் நிலையைப் பாருங்கள் என்கிறது ஒரு தரப்பு. கசாபை உயிருடன் பிடித்தது குண்டு அல்ல என்கிறது மற்றொன்று.

மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு, காவலர்களின் சுடும் பயிற்சி புறக்கணிக்கப்பட்டதையும் தோட்டாப் பற்றாக்குறையையும் சுட்டிக்காட்டியது. 2009இல் 'ஃபோர்ஸ் ஒன்' சிறப்புப் படை தொடங்கப்பட்டது. தேசியப் பாதுகாப்புப் படையின் மையமும் மும்பைக்கு வந்தது. பயிற்சி பெற்ற காவலர்களே பதில் சுட இயலாமல் திணறிய ஒரு மண்டபத்தில், நெரிசலில் நின்ற பயணி ஒருவரின் ரிவால்வர் எதைச் சாதித்திருக்கும் என்பது உரிமை கோருவோர் இன்னும் தெளிவாக விடையளிக்காத கேள்வி.

தற்காப்பு என்ற வாதம்

அதற்காக அவர்களது அச்சத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990களில் இந்நகரின் கட்டுமானத் தொழிலதிபர்களும் ஓட்டல் உரிமையாளர்களும் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் தொலைபேசி அழைப்புக்கு நடுங்கினர். செம்பூரில் 1995இல் கட்டுமான அதிபர் ஓம்பிரகாஷ் குக்ரேஜா சுட்டுக் கொல்லப்பட்டார். 1997 ஆகஸ்டில் இசை நிறுவன அதிபர் குல்ஷன் குமார் கோவில் வாசலில் கொல்லப்பட்டார். 1992 செப்டம்பரில் ஜே.ஜே. மருத்துவமனைக்குள் புகுந்து சுட்ட கும்பல், காவல் நின்ற காவலர் இருவரையும் கொன்றது. இவற்றைக் கண்ட ஒருவர் உரிமம் கேட்டால் அது ஆடம்பரம் என்று சொல்லத் தயங்க வேண்டும்.

ஆனால் அச்சம் சட்டத்துக்கு விலக்காகாது என்பதையும் மும்பை வழக்கு ஒன்றே நிறுவியது. 1992-93 கலவரக் காலத்தில் குடும்பத்தைக் காக்கவே ஏ.கே. 56 ரகத் துப்பாக்கியைப் பெற்றதாக நடிகர் சஞ்சய் தத் தரப்பு வாதிட்டது. பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட அவருக்கு, ஆயுதச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனையை 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஆண்டாகக் குறைத்தது. அன்றைய குறைந்தபட்சத் தண்டனையே அதுதான். தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் இப்போது குறைந்தது ஏழு ஆண்டு.

விலையையும் பேச வேண்டும். டெல்லி கூட்டு வன்கொடுமைக்குப் பின் பெண்களுக்கென 2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். தாராவியிலிருந்து அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு அந்த உரிமையால் ஆவது ஒன்றுமில்லை.

2023: அரசு வழங்கிய துப்பாக்கி

2023 ஜூலை 31 அதிகாலை, மும்பை சென்ட்ரல் நோக்கி வந்துகொண்டிருந்த ஜெய்ப்பூர் அதிவிரைவு ரயிலில், பாதுகாப்புக்கு உடன்வந்த ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும், வெவ்வேறு பெட்டிகளில் இருந்த மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். தமக்கு உடல்நிலை சரியில்லை, வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டதாகவும், பணி நேரத்தை முடிக்கும்படி கூறப்பட்டதாகவும் உடன் பணியாற்றிய காவலர் வாக்குமூலம் அளித்தார். அதே வேளையில், கொல்லப்பட்ட மூன்று பயணிகளும் முஸ்லிம்கள். சடலத்தின் அருகே நின்று அவர் பேசியதாகப் பரவிய காணொளியை அடுத்து, கொலைக் குற்றத்துடன் மத அடிப்படையில் பகைமை வளர்த்தல் என்ற குற்றச்சாட்டும் சேர்க்கப்பட்டது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இதை வெறும் மனநலக் குறைபாடாகச் சுருக்குவது இறந்தோருக்கு நீதி செய்யாது. வெறும் வெறுப்பாகச் சுருக்கினால், நலமில்லை என்று சொன்னவர் கையில் தானியங்கித் துப்பாக்கி தொடர்ந்து இருந்தது எப்படி என்ற கேள்வி மறைந்துவிடும்.

உரிம விவாதம் இங்கேதான் தடுமாறுகிறது. ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, கடமையின் பொருட்டு அரசு ஊழியர் ஆயுதம் ஏந்துவதைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்குகிறது. மத்துங்கா வணிகர் ஒருவர் ஒற்றைக் கைத்துப்பாக்கிக்குத் தரவேண்டிய மருத்துவச் சான்று அக்காவலருக்குப் பொருந்தாது. படைகளில் உடல், மன நலத்தை மதிப்பிடும் ஆண்டுப் பரிசோதனை உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையால் ஓர் இரவுப் பணியின் நடுவே ஒருவரின் நிலை மாறுவதைக் காண இயலாது. அதைக் காண வேண்டியவர் பணிக்குழுத் தலைவர்; சந்தேகம் எழுந்தால் ஆயுதத்தைத் திரும்பப் பெற்று வைக்கும் தெளிவான நடைமுறை அவருக்கு வேண்டும்.

ரயில் சம்பவம் தனித்த ஒன்றும் அல்ல. 2021 நவம்பரில் சத்தீஸ்கரின் சுக்மா மாவட்டத்தில் மத்திய ரிசர்வ் காவல் படை வீரர் ஒருவர் சக வீரர் நால்வரைச் சுட்டுக் கொன்றார். 2022 மார்ச்சில் அமிர்தசரஸ் அருகே எல்லைப் பாதுகாப்புப் படை முகாமில் நால்வரைக் கொன்ற வீரரும் இறந்தார். 2023 ஏப்ரலில் பட்டிண்டா ராணுவ நிலையத்தில் நான்கு வீரர்கள் பலியாயினர். பயன்பட்டது அங்கிருந்தே திருடப்பட்ட ரைபிள். தனியொருவர் துப்பாக்கியால் பலரைக் கொல்லும் அமெரிக்கக் காட்சிக்கு இந்தியாவில் நெருங்கிய ஒப்புமை தேடினால், பெரும்பாலும் அது சீருடைக்குள்தான் கிடைக்கிறது.

உரிமத் துப்பாக்கிகள் குற்றமற்றவையா?

இல்லை. 2024 பிப்ரவரி 2 அன்று உல்லாஸ்நகர் காவல் நிலையத்துக்குள்ளேயே பாஜக சட்டமன்ற உறுப்பினர் கண்பத் கெய்க்வாட், சிவசேனா பிரமுகர் மகேஷ் கெய்க்வாட்டை உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டதாக வழக்குப் பதிவானது. ஆறு நாள் கழித்து தஹிசரில் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அபிஷேக் கோசால்கர் முகநூல் நேரலையின்போது கொல்லப்பட்டார்; கொலையாளி தம் மெய்க்காவலருடைய துப்பாக்கியைப் பயன்படுத்தியதாகக் காவல்துறை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 12இல் பாந்திராவில் முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் கொலையுண்டபோது விவாதம் மீண்டும் கடத்தல் துப்பாக்கிகள் பக்கம் திரும்பியது.

எண்ணிக்கையைப் பார்த்தால் 2016 இறுதியில் நாட்டில் இருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.7 லட்சத்துக்கு மேல். மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 84 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் சுமார் 7.1 கோடி, அவற்றுள் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கி என்றால் இங்கு ஐந்து.

1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின் ஆஸ்திரேலியா ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. சட்டப்படி வாங்கியவற்றைத்தான் அப்படித் திரட்டுவது எளிது. கட்டாக்களும் நாட்டுத் துப்பாக்கிகளும் கணக்கிலேயே வராத இந்தியாவில் அத்தகைய திட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஐயமே. சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த, தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ரயிலில் ஏறும் காவலரின் கையிலுள்ள துப்பாக்கி அந்தக் குழுக்களின் வரம்புக்குள் வருவதில்லை. அது அந்தந்தப் படையின் ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில், வழங்கிய நேரமும் பெற்றவரின் கையொப்பமுமாக இருக்கிறது.