பியானோவின் பெறுமதி

இசைக்கருவியொன்று முதுமை எய்துந்தோறும் விலையில் உயருமா? இவ்வினாவுக்கு வயலின் ஒரு விடையும் பியானோ மற்றொரு விடையும் தருகின்றன. இத்தாலியிலே, கிரெமோனா நகரில், ஸ்திராடிவாரி 1721ஆம் ஆண்டிற் செய்த வயலின் ஒன்று 2011இல் 1 கோடியே 59 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. சிறந்த பியானோவும் இவ்வாறே பெறுமதி ஏறும் என நம்பித் தம் சேமிப்பை அதில் இடுவோர் உளர். வரலாறு அந்நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை.

பியானோவை 1700ஆம் ஆண்டளவில் முதன்முதல் ஆக்கியவர் புளோரன்ஸ் நகரத்துக் கிறிஸ்தோபோரி. 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புச் சட்டம் பொருத்தப்பட்டதும், தந்திகளை மிக இறுக்கமாக இழுத்துக் கட்டுதல் இயல்வதாயிற்று. பெரிய பியானோவொன்றின் ஏறத்தாழ 230 தந்திகளும் சேர்ந்து 20 தொன் அளவு விசையுடன் இழுக்கின்றன. இவ்விசையினால் ஒலிப்பலகை காலப்போக்கில் தன் வளைவை இழக்கும், முறுக்காணிகள் தளரும். கம்பளி போர்த்த சுத்தியல்களோ அடித்தடித்துத் தேயும். இவற்றையெல்லாம் புதுப்பிக்கும் செலவு, பல வேளைகளில், புதுப்பித்த கருவியின் விலையையே விஞ்சிவிடும்.

அருமையும் பியானோவுக்கு இல்லை. 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாத்திரம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. பின்னர் கிராமபோனும் வானொலியும் வீடுதோறும் புகுந்தமையால் அவற்றை நாடுவோர் தொகை குறைந்தது.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை எங்ஙனம் எழுந்தது? புதிய பியானோவின் விலை காலந்தோறும் ஏறிவருகிறது. அதனைக் கண்டோர் பழையதும் உடன் ஏறுகிறது என எண்ணினர். ஆனால், ஏற்றத்தின் பெரும் பகுதி நாணயத்தின் மதிப்புக் குறைந்ததன் விளைவேயாம். மேலும், கடையிற் புதியதற்குக் கேட்கும் விலை வேறு. வீட்டிலுள்ள பழையதற்குக் கிடைக்கும் விலை வேறு.

விதிவிலக்குகளும் உண்டு. ஜோன் லெனன் பாடல் அமைத்த ஸ்டைன்வே பியானோவை ஜோர்ஜ் மைக்கேல் 2000ஆம் ஆண்டில் 14½ இலட்சம் பவுண் கொடுத்து வாங்கினார். பிரெடி மெர்க்குரி 1975இல் வாங்கிய யமஹா பியானோ 2023இல் லண்டனில் 17 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அதே வகையைச் சேர்ந்த வேறொரு பியானோ அவ்விலையிற் சிறு பங்கைத்தானும் பெறாது. அங்கே விலை பெற்றது மரமும் தந்தியும் அல்ல. அவற்றைத் தீண்டிய கைகளின் புகழே.

பிள்ளைகளின் கல்விக்கும் தம் முதுமைக்கும் சேர்த்த பணத்தைப் பெருக்க விரும்புவோர் வேறு வழி நாடுதல் நன்று. இசைக்காகப் பியானோ வாங்குவோரோ, விலை இறங்கினும் நட்டமடைவதில்லை. அதனை வாசித்த நாட்களெல்லாம் அவர்கள் பெற்ற ஊதியமேயாம்.