வாடகை நிலுவையும் வழக்கும்

பம்பாயில் குடியேறிய நம்மவருள் வாடகைக்கு இருப்போரும் உண்டு; அரும்பாடுபட்டுத் தேடிய வீட்டை வாடகைக்கு விட்டோரும் உண்டு. குடித்தனக்காரர் வாடகையை நிறுத்திவிட்டால் வழக்குத் தொடுப்பதா, விட்டுவிடுவதா? இவ்வினாவுக்கு அந்நகரில் நெடிய வரலாறு உண்டு.

முதல் உலகப் போர்க்காலத்தில் வீடுகள் போதாமல் வாடகை ஏறவே, 1918ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. பின்வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் முதல் நாள் இருந்த அளவிலேயே நிறுத்தியது. வாடகை தருபவரையும், தர மனம் உள்ளவரையும் நிலுவையைக் காரணம் காட்டி வெளியேற்றலாகாது என்றது. வழக்குக்கு முன் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும் என்றது.

விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. சில ரூபாய் பாக்கிக்காக வக்கீலை அமர்த்துவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாயிற்று. ஆயினும் காலியான அறைக்குப் 'பகடி' என்னும் பெருந்தொகை கிடைத்தமையால், பாக்கியைக் காட்டி அறையையே மீட்க முயன்றோரும் இருந்தனர். மற்றொருபுறம், வருவாய் குன்றிய கட்டடங்கள் பழுது பார்ப்பாரின்றிச் சிதைந்தன. அவற்றைச் செப்பனிட 1969ஆம் ஆண்டில் அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

வாடகையை அவ்வாறு உறையவைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிரச் சட்டம், ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வுக்கு இடமளித்தது. நிலுவைக்கு நோட்டீஸ் கொடுத்து 90 நாள் பொறுத்த பின்னரே வழக்கிடலாம். சம்மன் கிடைத்த 90 நாளுக்குள் பாக்கியை 15 விழுக்காடு வட்டியுடனும் செலவுடனும் கட்டி, பின்னர் ஒழுங்காகச் செலுத்தி வருபவர் வெளியேற்றத்தினின்று தப்பலாம். குறித்த காலத்திற்கு உரிமப் பத்திரம் எழுதி விடப்படும் வீடுகளுக்கு விதி வேறு.

ஆகவே சட்டம் முதலில் நாடுவது வாடகையை; வீட்டைவிட்டு வெளியேற்றுவது அதன் இறுதிப் படி. வேலை இழந்து தவிப்பவரோடு தவணை பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது, நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகளையும் செலவையும் மிச்சப்படுத்தும். வசதி இருந்தும் தர மறுப்பவருக்கு நோட்டீஸ் அனுப்பத் தயங்க வேண்டுவதில்லை. மூன்றாண்டு கடந்த பாக்கி காலவரம்பால் வழக்கிட இயலாததாகிவிடும் என்பதை நினைவிற்கொண்டு, இரண்டில் எது தக்கது என்பதைக் காலத்தே முடிவுசெய்தல் வேண்டும்.