தமல்பையஸ் மலையில் உருண்ட கறள் பிடித்த சைக்கிள்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சித்திரை மாதத்தில் கலிபோர்னியா செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. சித்திரையை இளவேனில் என்று நம் இலக்கணகாரர் வகுத்து வைத்திருந்தாலும், யாழ்ப்பாணத்தில் அது வியர்த்துக் கொட்டும் மாதமே. அங்கோ அது மெய்யாகவே இளவேனில். மாரிமழை ஓய்ந்த ஈரம் மண்ணில் இருந்தது. குன்றுகள் பச்சையாக இருந்தன. அவற்றின் சரிவுகளில் செம்மஞ்சள் நிறப் பொப்பி மலர்கள் விரிந்து கிடந்தன. இன்னும் இரண்டு மாதத்தில் இவையெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும் என்றார்கள்.

அண்ணனின் இளைய மகனுக்கு அப்போது பதினேழு வயது. பாடசாலைத் துவிச்சக்கர வண்டி அணியில் இருந்தான். "சித்தப்பா, நாளைக்கு உங்களை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன். இந்த விளையாட்டுப் பிறந்த இடம்" என்றான். கோல்டன் கேற் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே மில் வலி என்ற சிற்றூரிலிருந்து மேலே எழுகிறது 2,571 அடி உயரமான தமல்பையஸ் மலை. அவன் சைக்கிளில், நான் நடையில். சற்றுத் தூரம் ஏறியதும் அகன்ற மண்வீதியிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை மரங்களுக்கிடையே பிரிந்து சென்றது. மிக அழகான பாதை. இதால் போகலாமே என்றேன். "உங்களுக்கு ஏலும் சித்தப்பா, எனக்கு ஏலாது. தண்டம் அடிப்பாங்கள்" என்று ஒரு பலகையைக் காட்டினான். அதில் சைக்கிள் படத்தின்மேல் குறுக்குக் கோடு இழுக்கப்பட்டிருந்தது.

பிறந்த வீட்டிலேயே நுழையக்கூடாதென்று ஒரு விளையாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டிருப்பது ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமல்பையஸ் என்றதும் நம்மவர் சிலர் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கி, கலிபோர்னியாவிலும் தமிழன் கொடி நாட்டினான் என்று எழுதிவிடக்கூடும். அருள்கூர்ந்து வேண்டாம். அது அம்மண்ணின் பூர்வ குடிகளான கரையோர மீவொக் மக்களின் சொல். மேற்கு மலை என்பதே அதன் பொருள். பெயர் நிலைத்துவிட்டது. பெயரிட்டவர்களின் நிலம் பறிபோய்விட்டது. அது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

இம்மலையில் அகன்ற பாதைகள் வந்த விதமும் சுவையானது. 1896இல் மில் வலியிலிருந்து சிகரம்வரை எட்டு மைல் நீளத்தில் 281 வளைவுகளுடன் ஒரு புகையிரதப் பாதை போடப்பட்டது. உலகிலேயே மிகவும் வளைந்து நெளிந்த புகையிரதப் பாதை என்று அதை விளம்பரப்படுத்தினர். மோட்டார் வாகனங்களின் வருகையாலும், 1929இல் ஏற்பட்ட காட்டுத்தீயாலும் நலிந்து, 1930இல் அது கைவிடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபின் எஞ்சிய மண்வீதியில்தான் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். 1912இல் உருவாக்கப்பட்ட மரின் நீர்வழங்கல் சபை நீர்தேங்கு பகுதிகளைக் காப்பதற்காக மலையின் பெரும்பகுதியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. காட்டுத்தீ மூண்டால் தீயணைப்பு வண்டிகள் செல்வதற்கென்று மண்வீதிகளும் வெட்டப்பட்டிருந்தன. மலையில் சைக்கிளோட்டத் தேவையானவை யாவும், அதை நினையாதவர்களாலேயே தயாரித்து வைக்கப்பட்டிருந்தன என்று சொல்லலாம்.

1970களின் தொடக்கத்தில் இப்பகுதி இளைஞர் சிலர் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் போன்ற பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கினர். தடித்த இரும்புச் சட்டமும் பருத்த ரயரும் கொண்ட, பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிய வண்டிகள் அவை. கறள் பிடித்துக் கொட்டில்களில் கிடந்தவற்றைச் சில டொலர்களுக்கு வாங்கி, மட்காட்டையும் விளக்கையும் கழற்றி எறிந்துவிட்டு மலையுச்சியிலிருந்து கீழே விட்டார்கள். கிளங்கர் என்பது அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர். லொடலொடவென்று சத்தமிடும் ஓட்டை வண்டி என்று பொருள் கொள்ளலாம். இவர்களிற் பலர் வீதிச் சைக்கிளோட்டத்தில் தேர்ந்த போட்டியாளர்கள். அவர்களுள் ஒருவரான கரி ஃபிஷர், தலைமயிர் நீளமாக இருக்கிறதென்ற காரணத்துக்காக 1968இல் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டவர். தலைமயிரை அளக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்.

ஃபெயார்ஃபக்ஸ் என்ற சிற்றூரின் அருகே செங்குத்தான தீயணைப்பு வீதியொன்று உண்டு. இரண்டு மைல் அளவான தூரத்தில் 1,300 அடி இறங்குகிறது. அந்தப் பழைய வண்டிகளுக்குப் பின்சில்லில் மட்டுமே பிரேக். மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் சில்லின் குடத்துக்குள்ளே உராய்வு ஏற்பட்டு வண்டி நிற்கும். இந்தச் சரிவில் ஒருமுறை இறங்கினால் குடத்துக்குள் இருக்கும் கிறீஸ் முழுவதும் கொதித்துப் புகையாகிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் குடத்தைக் கழற்றி மறுபடியும் கிறீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடைத்தல் என்ற பொருள்படவே அச்சரிவுக்கு றீபக் என்ற பெயர் வந்தது.

யார் வேகமானவர் என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க 1976 ஒக்ரோபர் 21ஆம் திகதி அங்கே முதலாவது போட்டி நடந்தது. ஒழுங்குபடுத்தியவர் சார்ளி கெலி, இசைக்குழுவொன்றின் சாமான் தூக்கும் உதவியாளராக இருந்தவர். அன்று விழாமல் கீழே வந்து சேர்ந்தவர் அலன் பொண்ட்ஸ் ஒருவரே என்பர். வெற்றியும் அவருக்கே. பின்னர் இடையிடையே நடந்த போட்டிகளில் 4 நிமிடம் 22 செக்கன் என்ற ஃபிஷரின் நேரமே சாதனையாக நிலைத்தது. ஜோ பிறீஸ் அதற்கு இரண்டு செக்கன் பிந்தியவர். வெண்டி கிறாக் என்ற பெண்மணி இப்போட்டிகளில் தானும் ஓடினார், கமராவும் கையுமாக நின்று படமும் பிடித்தார். இன்று அக்காலத்தை நாம் காண்பது பெரும்பாலும் அவருடைய படங்களின் வழியாகத்தான். ஆவணப்படுத்தியவர் ஒருவர் இருந்ததனால் அந்தப் போட்டிகளுக்கு வரலாறு கிடைத்தது. இது பத்திரிகைக்காரனின் சுயநலக் கருத்தாகத் தோன்றலாம்.

1974 டிசெம்பரில் மில் வலியில் நடந்த வேறொரு போட்டிக்குக் கூப்பர்ரினோ என்ற ஊரிலிருந்து வந்த இளைஞர் சிலர், பருத்த ரயர் வண்டிகளில் பல கியர்களைப் பொருத்தியிருந்தனர். மரின்காரர் அதைக் கூர்ந்து கவனித்தார்கள். வந்தவர்கள் அதன்பின் காட்சியிலிருந்து மறைந்துவிட்டனர். கியர் இருந்தால் வண்டியைப் பார ஊர்தியில் உச்சிக்கு ஏற்றத் தேவையில்லை, மிதித்தே ஏறலாம். 1977இல் ஜோ பிறீஸ், பழைய சட்டத்தைத் திருத்துவதை விடுத்து, மலைக்கென்றே புதிய சட்டமொன்றை வடிவமைத்தார். அவருடைய அந்த முதல் வண்டி இன்று வொஷிங்ரன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளது. 1979இல் கெலியும் ஃபிஷரும், ரொம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரில் சிறு வியாபாரம் தொடங்கினர். அப்பெயரைத் தமக்கென்று பதிவுசெய்ய அவர்களால் முடியாமற்போகவே, அது உலகத்தின் பொதுச்சொல்லாயிற்று. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்ரம்ப்ஜம்பர் 750 டொலருக்குக் கடைக்கு வந்தது. மிகுதி வணிகக் கதை. 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகியது.

ஆனால் காட்டிலும் மேட்டிலும் சைக்கிளோட்டியவர்கள் இவர்கள்தான் முதல்வர்களா? இல்லை. 1951 முதல் பாரிஸ் புறநகர் இளைஞர் சிலர் மாற்றியமைத்த வண்டிகளில் சேற்றிலே ஓடியிருக்கிறார்கள். 1953இல் கலிபோர்னியாவிலேயே ஜோன் ஃபின்லி ஸ்கொட் பருத்த ரயரும் பல கியரும் கொண்ட காட்டுவண்டி ஒன்றைத் தமக்கென அமைத்திருக்கிறார். 1955இல் இங்கிலாந்தில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்த்தது அமெரிக்க இராணுவத்தின் 25ஆவது காலாட்படையின் கதை. கறுப்பினச் சிப்பாய்களும் வெள்ளையின அதிகாரிகளும் கொண்ட படைப்பிரிவு அது. குதிரைக்குப் பதிலாகச் சைக்கிள் உதவுமா எனப் பரீட்சிக்க, 1897 ஜூன் 14ஆம் திகதி மொன்ரானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து இருபது சிப்பாய்கள், லெப்ரினன்ற் ஜேம்ஸ் மொஸ் தலைமையில் புறப்பட்டனர். துவக்கு, கூடாரம், சமையற் பாத்திரம் எல்லாம் வண்டியில். மலைத்தொடர், ஒட்டும் சேறு, நெப்ராஸ்கா மாநிலத்தின் சுடுமணல் யாவற்றையும் கடந்து, 1,900 மைல் சென்று, 41ஆம் நாள் சென்ற் லூயிஸ் நகரை அடைந்தனர். கூடவே எட்வேர்ட் பூஸ் என்ற பத்தொன்பது வயதுப் பத்திரிகை நிருபர் ஒருவரும் மிதித்துச் சென்று செய்தி அனுப்பினார். தொழில்முறையில் நான் பொறாமைப்படும் மனிதர்களில் அவரும் ஒருவர். படைக்குத் திரும்பிச் செல்ல இரயிலை ஒழுங்குசெய்தார்கள். பரீட்சை அத்துடன் முடிந்தது. சிப்பாய்கள் விளையாட்டுக்காக மிதிக்கவில்லை. கட்டளைக்காக மிதித்தார்கள்.

இதைப் படித்தபோது நான் நினைத்தது எங்களைத்தான். 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குத் துவிச்சக்கர வண்டியின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை. விறகு, நெல்மூடை, நோயாளி, சவப்பெட்டி எல்லாம் சைக்கிளிலேயே போயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அப்பாவின் பழைய றலி சைக்கிளில் இரண்டு உரப்பைகளைக் கட்டி நான் உருட்டிச் சென்றேன். ஓட்டுவதற்கு இடமில்லை, அத்தனை சனம். பின்னர் வன்னியில் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் பாலை மரங்களுக்கும் முதிரை மரங்களுக்கும் இடையிலான மணற்பாதைகளில் அதே வண்டியில் அலைந்திருக்கிறேன். மணலில் சில்லுப் புதையாமலிருக்கக் காற்றைச் சற்றுக் குறைத்துவிட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் விறகு ஏற்றும் ஒரு முதியவர். மலைச் சைக்கிள்காரர் இதே உபாயத்தை இன்று அளவுமானி வைத்துச் செய்கிறார்கள். அந்த முதியவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இனித் தடைக்கு வருவோம். றீபக் போட்டிக் காலத்தில் மலையில் சைக்கிள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைகளில் மலைச் சைக்கிள் குவியத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அம்மலையில் நடந்து பழகிய முதியோரும் குதிரையில் செல்வோரும், வளைவிலிருந்து திடீரெனப் பாயும் வண்டிகளைக் கண்டு அஞ்சினர். அந்த அச்சம் பொய்யல்ல. 1980களில் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற வீதிகளில் மணிக்கு 15 மைல், வளைவில் 5 மைல் என வேகவரம்பு வந்தது. வேகமளக்கும் கருவியுடன் காவலர்கள் மரத்தடியில் நின்றார்கள். அமெரிக்கா முழுவதிலும்கூட, இயந்திரப் போக்குவரத்தை விலக்கிய 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டம், 1984இல் வந்த விதியின் மூலம் சைக்கிளையும் வெளியே நிறுத்தியது. ஓட்டுநரும் அணிதிரண்டனர். 1988இல் கலிபோர்னியாவின் ஐந்து கழகங்கள் சேர்ந்து அமைத்த சங்கம் பின்னர் சர்வதேச அமைப்பாகியது. மரின் கழகம் தேசியப் பூங்காப் பகுதியின் தடைகளை எதிர்த்து வழக்காடி, 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

மண் அரிக்கப்படுகிறது என்பது தடைக்குச் சொல்லப்படும் மற்றொரு காரணம். மொன்ரானாவில் நடத்தப்பட்டு 1994இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஈரமாக்கப்பட்ட பாதையில் சில்லைவிடக் குளம்பும் காலடியுமே மண்ணை அதிகம் பெயர்க்கின்றன என்று கண்டது. எனினும் இளவேனிலின் ஈர மண்ணில் எல்லாருமே கவனமாக இருக்க வேண்டும் என்பதில் ஓட்டுநருக்கிடையேயும் கருத்து வேறுபாடில்லை. என் கணிப்பில், உண்மையான சண்டை மண்ணைப் பற்றியதன்று. அமைதியைத் தேடி வந்தவருக்கும் வேகத்தைத் தேடி வந்தவருக்கும் ஒரே பாதை போதவில்லை. முந்தி வந்தவர் விதியை எழுதுகிறார். அவருக்கும் முந்தி வந்த மீவொக் மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

பெறாமகனுக்கு இந்த வாதங்கள் முழுவதும் மனப்பாடம். கோபமும் இருந்தது. "நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சித்தப்பா, வாரவிடுமுறையில வந்து பாதை திருத்துறம், ஆனா அதில ஓட விடமாட்டினம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அதே வேளை, சற்று முன்னர் ஒரு வளைவில் இரண்டு இளைஞர் என் முழங்கையை உரசுமாப்போல் பறந்து போனபோது என் வாயில் வந்த வார்த்தை இங்கே எழுதத் தக்கதல்ல.

1904இல் புகையிரதப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட வெஸ்ற் பொயின்ற் விடுதி இன்னும் அந்த வீதியோரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினோம். அவன் அகன்ற வீதியால், சட்டப்படி மெதுவாக. நான் பலகையைக் கடந்து அந்த ஒற்றையடிப் பாதையால். செம்மரங்களின் நிழலும், அடியில் எங்கோ ஓடும் நீரின் ஓசையும், காலடியில் மெத்தென்ற மண்ணும். வழியில் கைத்தடியுடன் ஒரு வயோதிபப் பெண்மணி மட்டும் எதிர்ப்பட்டார். வணக்கம் சொல்லி, ஒதுங்கி வழிவிட்டேன். அடிவாரத்தை அடைந்தபோது பெறாமகன் வண்டியைக் கழுவித் துடைத்து முடித்து, அரை மணித்தியாலமாகக் காத்துக்கொண்டிருந்தான். "எப்பிடி இருந்தது?" என்று கேட்டான். பாதை முழுவதையும் அவனுக்கு வளைவு வளைவாகச் சொல்ல வேண்டியதாயிற்று.