மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதன் அயல் உறவும்

மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேடுபவர் ஐதராபாத் திருமுல்கேரி போன்ற நகரப் பகுதிகளில் முதலில் காண்பது பெரும்பாலும் வேறொரு செடியைத்தான். பூங்காக்களிலும் சாலைத் திட்டுகளிலும் தரையை மூடுவதற்காக நடப்படும் அந்தக் கொடிக்கும் மஞ்சள் பூ உண்டு. அதுவும் சூரியகாந்திக் குடும்பமே. பேரினமும் ஒன்றே, ஸ்பாக்னெடிகோலா. ஆனால் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஆசிய ஈரநிலங்களுக்கு உரியது. மற்றது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது மருந்துக்கும் மண்ணுக்கும் ஒருசேரக் கேடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பூவை மட்டும் பார்த்தால் எவரும் ஏமாறுவர். இலையைப் பார்க்க வேண்டும். நாட்டுச் செடியின் இலை நீண்டு குறுகியது, தொட்டால் சொரசொரப்பானது. அயல் கொடியின் இலை தடித்துப் பளபளக்கும். பக்கத்துக்கு ஒரு மடலாகப் பிரிந்து மூன்று மடல் காட்டும்.

பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவம் குறிக்கும் நாட்டுச் செடியை, வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியோடு சேர்த்து வைத்தது தமிழ் மரபு. தாவரவியல் அவ்விரண்டையும் வெவ்வேறு பேரினங்களில் வைக்கிறது. அதனால் மட்டுமே மரபின் வகைப்பாட்டைத் தவறென்று தள்ளிவிட முடியாது. 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்த ஒரு சேர்மத்தின் அமைப்பை வெளியிட்டனர். செடிக்கு அன்று வழங்கிய வெடேலியா என்ற பேரினப் பெயராலேயே அது வெடலோலாக்டோன் எனப்பட்டது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே சேர்மம் இருக்கிறது. கல்லீரலுக்கென்று இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தியவர்களின் அறிவுக்கு ஆய்வுக்கூடம் தந்த வலுவான சான்றாக இதைக் கொள்ளலாம். அந்த மரபறிவு அமெரிக்கக் கொடிக்குப் பொருந்தாது. தலைமுறைகளாகக் கீரையாகவும் மருந்தாகவும் பழகியது நாட்டுச் செடிதான்.

1996இல்தான் நாட்டுச் செடியும் அமெரிக்கக் கொடியும் ஸ்பாக்னெடிகோலாவுக்கு மாற்றப்பட்டன. பெயரில் நேர்ந்த இந்த நெருக்கம் உயிரியலிலும் உண்மையானது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தென் சீனாவில் இவ்விரண்டும் இயற்கையாகவே கலந்து கலப்பினம் தோன்றியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அயல் கொடி கணுதோறும் வேர்விடும். வெட்டி எறிந்த துண்டும் ஈரம் கண்டால் பிழைத்துக்கொள்ளும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. நாட்டுச் செடி இடத்தை மட்டும் இழப்பதில்லை, கலப்பினால் தன் இயல்பையும் இழக்கக்கூடும்.

அதற்காக, அயல் கொடியைப் பிடுங்கிய இடத்திலெல்லாம் நாட்டுச் செடியை நட்டால் போதும் என்ற யோசனை ஏற்கத்தக்கதல்ல. தக்காணத்தின் காய்ந்த சாலைத் திட்டு நாட்டுச் செடிக்கு உகந்ததன்று. வயல் வரப்பும் ஏரிக்கரையும் வாய்க்கால் ஓரமுமே அதன் இடம். வீட்டில் வளர்ப்போர்க்குத் தண்டுத் துண்டும் நீர் வற்றாத தொட்டியும் போதும். நர்சரிகள் இரண்டையும் தனித்தனிப் பெயரில் விற்க வேண்டும். பூங்காக்களில் வெட்டிய அமெரிக்கக் கொடியை நீர்நிலைகளின் அருகே கொட்டுவது உடனே நிறுத்தப்பட வேண்டும்.