ஸ்தாவரமும் ஜங்கமமும்: பாழ்ங்கோட்டையோடு கூடிய இங்கிலீஷ் பண்ணைகளின் விக்கிரயம்

நம்முடைய பழைய கிரயப் பத்திரங்களில், நிலத்தின் நான்கெல்லைகளைச் சொல்லி முடித்தபின், நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று தொடங்கும் அஷ்டபோகங்களையும் சேர்த்துச் சொல்லி, அவை யாவும் நிலத்தோடு வாங்குபவனையே சேரும் என்று எழுதுவது வழக்கம். இங்கிலாந்தின் சட்டமும் அவ்வளவாக வேறுபட்டதன்று. மண்ணில் ஊன்றிய எதுவும் மண்ணோடு ஒன்றாகிவிடுகிறது, ஆதலால் மண்ணை வாங்கியவனுக்கு அதன்மேல் நிற்பதும் உரியதாகிறது என்பதே அங்கும் அடிப்படை விதி. ஆனால் மண்ணின்மேல் நிற்பது ஒரு தானியக் களஞ்சியமோ மாட்டுத் தொழுவமோ அல்லாமல், ஐந்நூறு ஆண்டுகளாகக் காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நிற்கும் ஒரு கோட்டையின் சிதைவாக இருக்குமானால், கிரயத் தொகையைப் பெற்றுக்கொண்டு விற்பவன் கொடுத்தது என்ன, வாங்குபவன் பெற்றது என்ன என்னும் கேள்வி எளிதில் தீர்வதாயில்லை. இக்கேள்வியை லிங்கன்ஷயரிலுள்ள டாட்டர்ஷால் கோட்டையின் விக்கிரயத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பண்ணைகள் பலவற்றில் பாழ்ங்கோட்டைகள் இருப்பதற்குக் காரணம் காலத்தின் அரிப்பு மட்டுமன்று. பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் வென்ற பார்லிமெண்டுக் கட்சியார், அரசனுக்குத் துணைநின்ற கோட்டைகள் மீண்டும் படைக்கு உதவாதபடி பலவற்றை வேண்டுமென்றே வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். பின்வந்த தலைமுறைகள் வசதியான மாளிகைகளை வேறிடத்தில் கட்டிக்கொண்டு, பழைய சுவர்களைக் கொடி படரவிட்டு, அவற்றைத் தம் குடியின் தொன்மைக்குச் சாட்சியாக வைத்திருந்தன. வயல்களின் வருமானம் பாழைத் தாங்கிற்று. பாழ் தானாக ஒரு காசும் ஈட்டவில்லை. இந்த உறவு 1870-களுக்குப் பின் குலையத் தொடங்கிற்று. அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்க, தானிய விலை வீழ்ந்து, குத்தகையும் வீழ்ந்தது. 1894-இல் இறந்தவரின் ஆஸ்தியின்மீது புதிய வரியொன்று விதிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே, 1882-இல், பரம்பரைக் கட்டுக்குள் அடங்கிய நிலங்களை அவற்றின் அனுபவ பாத்தியதை உடையவரே விற்கலாம் என்னும் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்திலும் குடும்பத்தின் பிரதான மாளிகையை விற்க டிரஸ்டிகளின் சம்மதமோ நீதிமன்றத்தின் உத்தரவோ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. குலதனமாக வந்த அரிய பொருள்களை விற்கவும் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டியிருந்தது. பாழ்ங்கோட்டையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. வசிக்கும் வீட்டையும் வெள்ளிப் பாத்திரத்தையும் காத்த சட்டம் இடிந்த சுவரைக் காக்க நினைக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நலம்.

டாட்டர்ஷாலில் 1231-இல் எழும்பியது ஒரு கற்கோட்டை. இன்று நாம் காண்பது, ஆறாம் ஹென்றியின் பொக்கிஷ அதிகாரியாக 1433 முதல் பத்தாண்டுகள் விளங்கிய ரால்ஃப் கிராம்வெல் பிரபு செங்கல்லால் எழுப்பிய பெருங்கோபுரம். (இவர் பிற்காலத்து ஆலிவர் கிராம்வெல் அல்லர்.) உயர்ந்தோங்கிய அக்கோபுரம், எதிரியைத் தடுப்பதைக் காட்டிலும் பார்ப்பவரைப் பிரமிக்கச் செய்வதையே கருதிக் கட்டப்பட்டது என்பதற்கு அதன் அகன்ற சாளரங்களே சான்று. கற்கோட்டைகள் மலிந்த நாட்டில் செங்கல்லைத் தேர்ந்ததும் வறுமையாலன்று, புதுமையில் கொண்ட பெருமிதத்தாலேயே. ஒவ்வொரு தளத்திலும் பெருங்கூடத்தின் சுவரில் கல்லில் செதுக்கிய கணப்பு மாடம் ஒன்று உண்டு. அவற்றில் கிராம்வெல் குடியோடு சம்பந்தம் கொண்ட குடும்பங்களின் கேடயச் சின்னங்களும், அவருடைய உத்தியோகத்தைக் குறிக்கும் பணப்பையின் உருவமும், அவர் தமக்கு விருதாகக் கொண்ட பிரெஞ்சு வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாசகத்தின் பொருள், "எனக்கு உரிமை இல்லையா?" என்பது. சொத்துரிமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான கல்வெட்டு வேறெங்கும் கிடைப்பது அரிது.

1456-இல் கிராம்வெல் சந்ததியின்றி மறைந்தார். கோட்டை உறவினரிடமும், அரசரிடமும், பின்னர் லிங்கன் பிரபுக்களிடமும், அவர்களுக்குப்பின் ஃபார்ட்டெஸ்க்யூ குடும்பத்தாரிடமும் சென்று, கடைசியில் கூரையும் தளங்களும் அழிந்த வெறுங்கூடாக நின்றது. 1910-இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டிற்குள் கணப்பு மாடங்கள் தனியே விலைபேசப்பட்டு, சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, கடல்கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பும்பொருட்டுக் கட்டி அடுக்கப்பட்டன. கோபுரத்தையே செங்கல் செங்கலாகப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சமும் பரவிற்று. அந்நிலையில் தலையிட்டுக் கோட்டையை விலைக்கு வாங்கியவர், ஆறு ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்ஸன் பிரபு. கணப்பு மாடங்கள் நாடெங்கும் தேடப்பட்டு, லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, 1912-இல் தத்தம் இடத்துக்கு மீண்டன. வில்லியம் வெயர் என்னும் கட்டடக் கலைஞர் 1914 வரை ஜீர்ணோத்தாரணம் செய்தார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை ஒரு நாட்டின் செல்வத்தை அந்நியர் பணத்தால் அள்ளிச் செல்ல முயன்ற கதையாகவே சொல்கிறார்கள். இவ்வாறு சொல்வதில் உணர்ச்சி உண்டே ஒழிய ஆராய்ச்சி இல்லை என்பது என் அபிப்பிராயம். வாங்க வந்தவர் எந்நாட்டவர் என்பது அற்ப விஷயம். அந்தக் கற்களை லண்டன் பணக்காரர் ஒருவர் தம் விருந்து மண்டபத்தில் பதித்திருந்தாலும் டாட்டர்ஷாலுக்கு விளைந்த கேடு அணுவளவும் குறைந்திராது. கேடு நிகழ்ந்த க்ஷணம், சுவரில் உளி வைத்து, ஸ்தாவரமாயிருந்த ஒன்றை ஜங்கமமாக ஆக்கிய க்ஷணமே. கணப்பு மாடம் சுவரில் இருக்கும்வரை அது கோட்டையின் அங்கம். பெயர்த்து வண்டியில் ஏற்றியதும் அது சந்தைப் பொருள், அதன் விலை எடைக்கும் வேலைப்பாட்டுக்கும் ஏற்ப மாறுவது. அந்நியரைக் குறைகூறுவதற்கு இங்கிலாந்துக்குத் தகுதியும் போதாது. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி ஸ்தூபத்தைப் போர்த்தியிருந்த சுண்ணக்கல் சிற்பங்களுள் ஒரு பெரும் பகுதி, கம்பெனி அதிகாரி வால்டர் எலியட்டின் முயற்சியால் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கிருந்து 1859-இல் லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டது. மிஞ்சியவற்றுள் சில எழும்பூர் மியூசியத்தில் இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். ஒரே ஸ்தூபத்தின் கற்கள் இரு கண்டங்களில் பிரிந்து கிடப்பதைப் பார்த்தவனுக்கு, டாட்டர்ஷாலில் நடக்கவிருந்தது இன்னதென்று விளக்க வேண்டியதில்லை.

விற்பனை என்பதே பாழுக்குச் சத்துரு என்று கருதுவதும் பிழை. ஸஸெக்ஸிலுள்ள போடியம் கோட்டையின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. 1385-இல் இரண்டாம் ரிச்சர்டின் அனுமதி பெற்று எட்வர்ட் டாலிங்ரிஜ் கட்டிய அந்த அகழிசூழ் கோட்டை, பாழாகி நின்ற காலத்தில், 1829-இல் 24 ஏக்கர் நிலத்தோடு ஏறக்குறைய 3,000 பவுனுக்கு ஜான் ஃபுல்லர் என்பவருக்கு விற்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸ் நகரத்துக் கட்டடக்காரர்கள் அதை இடித்துக் கல்லாக விற்கக் கருதியிருந்ததைத் தடுக்கவே அவர் வாங்கினார் என்று கருதப்படுகிறது. அவருக்குப்பின் ஜார்ஜ் க்யூபிட் வாங்கினார். 1917-இல் கர்ஸன் வாங்கினார். மூன்று விக்கிரயங்கள், மூன்றிலும் கோட்டை முன்னிலும் நல்ல நிலையை அடைந்தது. கோட்டையும் அகழியும் அதைச் சூழ்ந்த நிலமும் பிரியாமல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சென்றதே இதற்குக் காரணம். கைமாறுவதால் பாழ் அழிவதில்லை, கூறுபோடுவதால் அழிகிறது.

இந்த வேற்றுமையைச் சட்டம் உணர்ந்துகொண்ட வரலாறு விசித்திரமானது. பார்லிமெண்டு உறுப்பினர் லப்பக்கின் பெருமுயற்சியால் 1882-இல் நிறைவேறிய புராதனச் சின்னங்கள் சட்டம் 68 இடங்களை அட்டவணையில் சேர்த்தது. அவை பெரும்பாலும் சரித்திர காலத்துக்கு முற்பட்ட கல்வட்டங்களும் மேடுகளுமே. உடையவர் விரும்பினால் பராமரிப்பை அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாம். விரும்பாதவரை யாரும் நிர்ப்பந்திக்க இயலாது. 1900-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய காலக் கட்டடங்களையும் வரம்புக்குள் கொணர்ந்தது. நிர்ப்பந்தம் அப்போதும் இல்லை. டாட்டர்ஷாலின் கணப்பு மாடங்கள் பெயர்க்கப்பட்டபோது அதைத் தடுக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் எந்த அதிகாரிக்கும் இருக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில் அத்தகைய அதிகாரத்துக்கு இந்தியாவில் சட்டம் இடமளித்திருந்தது. கர்ஸனின் ஆட்சியில் இயற்றப்பட்ட 1904-ஆம் ஆண்டின் ஏழாவது சட்டம், பாதுகாக்கப்பட்டதென அறிவிக்கப்பட்ட சின்னம் அழியுமென்றோ சிதையுமென்றோ அஞ்ச இடமிருந்தால் அதைக் கட்டாயமாக விலைக்கு எடுத்துக்கொள்ளவும், சிற்பங்களையும் செதுக்கு வேலைகளையும் கல்வெட்டுகளையும் அவை இருக்குமிடத்திலிருந்து கலெக்டரின் எழுத்துமூலமான அனுமதியின்றிப் பெயர்க்கலாகாது என்று அறிவிக்கவும் இடமளித்தது. ஸ்தாவரத்தை ஜங்கமமாக்கும் செயலையே குற்றமாகக் கண்ட விதி இது. அவ்விதியை நமக்கு அளித்தவர், ஏழாண்டு கழித்துத் தம் சொந்த நாட்டில், அதே செயலைத் தடுக்கச் சட்டமின்றித் தம் சொந்தப் பணத்தைக் கொடுக்க நேர்ந்தது. ஏன் இந்த வேற்றுமை? இந்தியாவில் சட்டமியற்றிய சபையில் நிலமுடையோரின் குரலுக்கு வலுவில்லை. இங்கிலாந்திலோ பார்லிமெண்டின் மேல்சபையே நிலமுடையோரின் சபை. அடிமை நாட்டின்மீது சுலபமாக விதிக்கக்கூடியதைத் தன்மீது விதித்துக்கொள்ள ஆளும் வர்க்கம் இசையவில்லை. அந்தச் சட்டம் நல்ல சட்டம் என்பதை நான் மறுக்கவில்லை. அது வந்த வழியை மறக்கவும் என்னால் ஆகவில்லை.

டாட்டர்ஷால் எழுப்பிய பரபரப்பு அந்த இசைவின்மையைத் தளர்த்தியது. 1912-இல் பிரபுக்கள் சபையில் கர்ஸனே எழுந்து வாதாடினார். 1913-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டவணையில் சேர்ந்த சின்னத்தில் கைவைக்குமுன் உடையவர் ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆபத்து என்று கண்டால் அரசாங்கம் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். விற்கும் உரிமையை அது தொடவில்லை. யார் வேண்டுமானாலும் விற்கட்டும், யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், ஆனால் கடமை மனிதனைத் தொடராமல் இடத்தோடு ஒட்டியிருக்கட்டும் என்னும் இத்தத்துவமே சரியானது.

அச்சட்டம் பாதிவழியில் நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மக்கள் வசிக்கும் வீடுகளை அது விலக்கியது. அதன் பயனாக, 1921-இல் வேல்ஸ் நாட்டு க்விடிர் மாளிகையின் சாப்பாட்டு அறையிலிருந்த மரவேலைப்பாடு முழுவதும் ஏலத்தில் போய், பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டின் கைக்குச் சென்று, பின்பு நியூயார்க் மியூசியத்தின் கிடங்கில் அடைபட்டு, 1996-இல்தான் வீடு திரும்பியது. மேலும், 1913-இன் சட்டம் சுவரைக் கண்டது, சுவரைச் சூழ்ந்த நிலத்தைக் காணவில்லை. ரோமர் எழுப்பிய ஹாட்ரியன் மதிலின் அருகே கல் வெட்டும் முயற்சி எழுந்தபின்னரே, 1931-இல், சின்னத்தின் சுற்றுப்புறத்தையும் கட்டுப்படுத்தும் திட்டங்களுக்கு வழி பிறந்தது.

சுற்று நிலத்தை நான் வற்புறுத்துவது அழகு கருதி மட்டுமன்று. பண்ணையை விற்கும்போது நல்ல வயல்களை ஒரு கூறாகவும், காட்டை ஒரு கூறாகவும், மாளிகையை ஒரு கூறாகவும் ஏலமிட்டுவிட்டு, பாழை அதன் அடிமனையளவு நிலத்தோடு கடைசிக் கூறாக ஒதுக்குவது விற்பனைக்காரருக்கு லாபகரமான முறை. ஆனால் அப்படி ஒதுக்கப்பட்ட பாழுக்குச் சோறிட யாருமில்லை. மதில் உச்சியில் வேர்விட்ட மரத்தைக் களையவும், சுண்ணாம்பு உதிர்ந்த இணைப்புகளை அடைக்கவும், மழைநீர் உட்புகாமல் மேற்பரப்பை மூடவும் ஆண்டுதோறும் செலவு உண்டு, வரவு இல்லை. வயலின் குத்தகையே பாழின் ஜீவனாம்சம். அதைப் பிரித்தெடுத்தவன் உளியைத் தொடாவிட்டாலும் டாட்டர்ஷாலில் உளி எடுத்தவன் செய்ததையே மெதுவாகச் செய்கிறான். இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. டார்ஸெட்டிலுள்ள கோர்ஃப் கோட்டையை 1635-இல் வாங்கி, உள்நாட்டுப் போரில் அதைக் காக்கப் போராடி, 1646-இல் அது தகர்க்கப்பட்டதையும் கண்ட பாங்க்ஸ் குடும்பம், பாழை விட்டுவிடாமல் மூன்றரை நூற்றாண்டு வைத்திருந்தது. 1981-இல் ரால்ஃப் பாங்க்ஸ் காலமானபோது, கோட்டையை மட்டும் தனியே கொடுக்காமல், கிங்ஸ்டன் லேஸி மாளிகையையும், கோட்டையின் அடிவாரக் கிராமத்தின் பெரும்பகுதியையும், பண்ணை முழுவதையும் ஒருசேர நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். 1895-இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்துக்கு, தன் நிலங்களைப் பராதீனம் செய்யவொண்ணாதவை என்று பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருந்தது.

ஆகவே பாழ்ங்கோட்டையுடைய பண்ணையை விற்க நேர்ந்தவர்கள், விலை குறைந்தாலும், கோட்டையை அதைத் தாங்கும் வயலோடு ஒரே கூறாக விற்க வேண்டும். அரசாங்கமும் அட்டவணையில் சேர்ந்த பாழைச் சுற்றுநிலத்திலிருந்து பிரித்துப் பதிவு செய்ய அனுமதி மறுக்க வேண்டும் என்பதே என் முடிபு. கர்ஸன் 1925-இல் காலமானார். டாட்டர்ஷாலையும் போடியத்தையும் அவர் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்திருந்தார். பணப்பையும் விருதுவாசகமும் பொறித்த அந்தக் கணப்பு மாடங்கள் இன்றும் கோபுரத்தின் சுவர்களிலேயே இருக்கின்றன.