தமிழ்நாடு அரசு இலச்சினை

தமிழ்நாடு அரசு இலச்சினை என்பது மாநில அரசின் ஆணைகள், கடிதத்தாள்கள், முத்திரைகள் ஆகியவற்றில் இடம்பெறும் அதிகாரபூர்வச் சின்னம். விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர்க் கோயில் கோபுரத்தைக் கொண்டதாகப் பரவலாக அறியப்படுகிறது.

அமைப்பு: வட்ட வடிவினது. நடுவில் அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதியும், அதன் இருபுறமும் இந்திய தேசியக் கொடியும், பின்னணியில் கோபுரமும் உள்ளன. விளிம்பின் மேற்புறம் 'தமிழ்நாடு அரசு' என்றும், கீழ்ப்புறம் 'வாய்மையே வெல்லும்' என்றும் எழுதப்பட்டுள்ளன.

வரலாறு: சென்னை மாகாணத்துக்காக 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தது. அக்காலத்தில் முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். தொடக்கத்தில் 'சத்யமேவ ஜயதே' என்ற வடமொழித் தொடர் இருந்தது, 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் தமிழ்த்தொடர் இடம்பெற்றது. மாநிலத்தின் பெயர் 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு என மாறியது.

கோபுரம்: சிவகாசிக்கு மேற்கே திருவில்லிபுத்தூரில் அமைந்த வடபத்திரசாயி கோயிலின் இராசகோபுரம் 11 நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் உடையது. இவ்வூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய தலம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே ஓவியத்துக்கு மாதிரி என்ற கருத்தும் உண்டு.

குறியீடு: சிங்கத் தலைப்பகுதியும் கொடியும் இந்திய ஒன்றியத்தையும், கோபுரம் தமிழகக் கட்டடக்கலை மரபையும், தொடர் அரசின் அறநெறியையும் குறிக்கின்றன.