பின்வரிசையில் ஒருத்தி

1886 செப்டம்பரில் டெக்சாஸில், ரயிலின் அருகே எடுத்த புகைப்படம். சரணடைந்த அப்பாச்சிகள் அமர்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஜெரோனிமோ. என் கண் பின்வரிசைக்குப் போகிறது. அங்கிருப்பவள் லோசென் என்கிறார்கள். தலைவர் விக்டோரியோவின் சகோதரி, தானும் போரிட்டவள். அலபாமாவில் கைதியாகவே காசநோயில் இறந்தாள்.

அவளுடைய மக்கள் 27 ஆண்டுகள் போர்க்கைதிகள். சிறையில் பிறந்த குழந்தைகளும் கைதிகளே. 1913இல் பெரும்பாலோர் நியூ மெக்சிகோவில் அப்பாச்சிகளுக்கென அரசு ஒதுக்கியிருந்த மெஸ்கலேரோ நிலப்பகுதிக்குப் போனார்கள்.

பழங்குடிச் சடங்குகளை 1883இலேயே அரசு குற்றமாக்கியிருந்தது. ஆனாலும் பூப்பெய்திய பெண்ணுக்கான நான்கு நாள் சடங்கு அங்கே இன்றும் நடக்கிறது. அவள் ஒதுங்கி உட்காருவதில்லை. கிழக்கு நோக்கி ஓடுகிறாள், இரவில் ஆடுகிறாள். பெரியவர்களும் அவளிடம் ஆசி பெறுகிறார்கள்.

தீட்டென்று மூலையில் உட்காரவைக்கப்பட்ட நான், அவர்களின் வரலாற்றை அந்த ஓட்டத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன்.